சிரித்த இடம்

பீடத் துணிக்குப் பின்னிய லேஸில் நான்கு விரல் அளவு மட்டும் தொளதொளவென்று கிடந்தது. சிஸ்டர் பெர்னதெத் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க மட்டும் என்ன இப்பிடிக் கெடக்கு?”

“அந்த எடத்துல வச்சு சிரிச்சுட்டோம் சிஸ்டர்,” என்றாள் பிரகாசி. அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே தலையணையில் வரிசையாகக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய அறுபது கட்டைகளை ஆளுக்குப் பாதியாக மாற்றிப் போட்டுப் பின்னுகிறவர்கள் இருவரும். சிரிக்கிற கை நூலை இழுத்துப் பிடிக்காது.

“அவுத்துப் போடுங்க. இன்னொருக்க இப்பிடி ஆச்சுன்னா ரெண்டு பேரையும் வேற வேற அறையில இருத்திருவேன்.”

அவிழ்ப்பதென்றால் கட்டைகளைப் போட்ட வரிசைக்கு எதிராக ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். அன்று முழுவதும் அவர்கள் பின்னோக்கிப் போனார்கள். மறுநாள் திரும்பி வந்தார்கள். அந்த இடம் நெருங்க நெருங்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அந்த ஊசிக்கு வந்ததும் அமலோற்பவத்தின் தோள் குலுங்கியது. அவ்வளவுதான்.

சிஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருவரையும் எழுப்பிவிட்டு, அதை அவிழ்த்துத் தானே பின்ன உட்கார்ந்தார். இறுக்கமாக, ஒரு சீராக வந்த கை அந்த ஊசியருகே நின்றது.

“அப்பிடி என்னத்தட்டி பேசிச் சிரிச்சீங்க?”

பிரகாசி குனிந்து அவர் காதில் சொன்னாள்.

திருநாளன்று பீடத்தில் துணியை விரித்திருந்தார்கள். லேஸில் தொளதொளவென்று கிடந்த அந்த இடம் இப்போது ஆறு விரல் அளவு இருந்தது.