பதினாலாவது வரி

"ஏனுங்க, பதினோரு நாள் வேலைங்க! ஒரே தட்டுல அத்தனையும் அழிச்சுப் போட்டீங்களே!"

யோகப்பிரியா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அவள் கணவன் கோகுல்நாத், ஜன்னலுக்கு வெளியே சித்தூர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தமிழில் சொல்லித்தரும் வலைப்பூ அவனுடையது. மொத்தம் நாற்பத்துமூன்று பாடங்கள். எல்லாம் வெறும் கறுப்பு எழுத்து. அவற்றுக்கு நிறம் கொடுத்தவள் அவள்தான்.

கட்டளைச் சொல்லுக்கு நாற்றின் பச்சை. பெயர்களுக்கு, காலை மூட்டத்தில் தெரிகிற மலையின் நீலம். எண்களுக்கு மஞ்சள். ஓரத்தில், வரிக்கு ஒன்றாக வரிசை எண். கண்ணை மூடினால்கூட அந்த வரிகள் வரப்பு வரப்பாக விரிந்து காற்றில் அசையும் அவளுக்கு.

நேற்றுதான் முடித்தாள். இன்று காலையில் பார்த்தால் மறுபடியும் கறுப்பு.

"அஞ்சு மணிக்குக் கோயமுத்தூர்க்காரங்க வலைப்பூவைப் பாக்கறாங்க. பிடிச்சுதுன்னா அவங்க பயிற்சி மையத்துல உங்களுக்கு வேலை. ரெண்டு வருசமா இதுக்குத்தானுங்களே காத்துட்டு இருக்கறோம்?"

"தெரியும் யோகு."

"தெரிஞ்சுமா? இந்தக் கறுப்பைப் பாத்தா எறும்பு ஊருற மாதிரி இருக்குது. ஆருங்க படிப்பா?"

"படிக்கறவங்க இருக்கறாங்க. கொஞ்ச நாள் பொறு. வேற வழி ஒண்ணு பாத்துட்டு இருக்கறேன்."

"நேத்து பத்தொம்போது பேரு 'கலர் அருமை, யாரு பண்ணுனது'ன்னு எழுதுனாங்க. பாடம் நல்லாருக்குதுன்னு ஒருத்தரும் எழுதல. அதுதானுங்க உங்களுக்குப் பொறுக்கல!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது போதுமாயிருந்தது அவளுக்கு. சரியாகத்தான் சொல்லிவிட்டோம்.

"அந்தப் பீர்மேட்டு எஸ்டேட்டுப் புள்ளை சிஞ்சுவை நினைச்சீங்களா? பாடம் போட்ட அன்னைக்கே தப்பைப் பிடிச்சு எழுதுது. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கற புள்ளை. இந்தக் கறுப்பைப் பாத்து அதுக்குக் கண்ணு நோகாதுங்களா?"

கோகுல்நாத் சட்டென்று நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான்.

மணி நாலு ஐம்பது. நிறங்களின் நகல் அவள் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. ஒரே தட்டு, அத்தனையும் திரும்ப வந்துவிடும். பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

மேசைமேல் கிடந்த அவன் போன் சிணுங்கியது. குரல் செய்தி. சிஞ்சு.

"பாருங்க! திட்டித்தான் அனுப்பியிருக்கும்." இடக்கையால் எட்டி எடுத்தாள்.

"வேண்டாம் யோகு. ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தப் புள்ளை..."

அதற்குள் போனில் செய்தியைத் தட்டிவிட்டாள்.

எஸ்டேட்டு மழையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் சிரித்தது.

"அண்ணே, இப்ப சரியாயிருச்சுண்ணே! நேத்து கலர் போட்டதுல இருந்து, எனக்கு வாசிச்சுக் காட்டுற போனுக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. வரிக்கு வரி நம்பரைச் சொல்லுது, ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டா வெட்டுது. ஒண்ணும் விளங்கல. இப்பக் காதுல கேட்டா, பாடம் முழுசா மனசுல விரியுதுண்ணே."

யோகப்பிரியாவின் விரல் தானாகப் பொத்தானை விட்டு எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தத்தில் பச்சையும் நீலமும் மஞ்சளும் மெல்லக் கரைந்தன. குரல் மட்டும் மிஞ்சியது.

"ஆனா புதுப் பாடத்துல அடைப்புக்குறி ஒண்ணை மூடாம விட்டுட்டீங்க. எண்ணிப் பாத்துட்டேன், பதினாலாவது வரி. ஏண்ணே, பத்தொம்பது பேரு கலர் அருமைன்னு எழுதியிருந்தாங்களே... கண்ணு தெரிஞ்ச ஒருத்தருக்கும் அந்தத் தப்பு தெரியலையா?"