இரவல் நாக்கு

மாஸ்டர் கரண்டியை உதட்டருகே கொண்டுபோய், கண்ணை மூடித் தலையாட்டினார். "பிரமாதம்!" என்றார். முதலாளி நிம்மதியாக வெளியே போனதும், சூப்பை ஒரு சொட்டுகூட நாக்கில் படவிடாமல், அந்தக் கரண்டியைக் கழுவுகிற தொட்டியில் போட்டார்.

நாக்கு நுனியில் வெள்ளையாக ஒரு வாய்ப்புண். உப்பு பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. "ஒரு வாரத்துல தானா ஆறிடும். சூடு, காரம், புளிப்புப் பக்கம் போகாதீங்க. கவலைப்படாம நல்லா தூங்குங்க" என்று டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். சமையல்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

அதிலும் இன்றைக்கு! கம்பெனி அதிகாரிகள் சாப்பிட வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் கேன்டீன் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் வேறு மாஸ்டர் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, இன்னொரு தடவை பாரும்மா."

காய் நறுக்குகிற பெண், ஆறிய பாலில் ஊறிய ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டு நாளாக அவருக்கும் அதுதான் ஆகாரம். தனக்குத் துணையாக அவளும் அதையே சாப்பிடுகிறாளே என்று மாஸ்டருக்கு மனசு இளகியது. புண் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் கரண்டியோடு அந்தப் பக்கம் திரும்பி நின்று ஊதினாள். "சரியா இருக்கு மாஸ்டர்."

"உப்பு? கொஞ்சம் போடட்டுமா?"

"வேண்டாம். கையே வைக்காதீங்க."

சூப்பு மேஜைக்குப் போயிற்று. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், ஒருவர் முகத்தைச் சுளிப்பதுபோல் இருந்தது.

"போச்சு தங்கச்சி, எல்லாம் போச்சு!"

கதவு படாரென்று திறந்தது. முதலாளி.

"இன்னொரு கிண்ணம் கேக்குறாங்கய்யா! உப்பும் காரமும் கனகச்சிதமாம். ஒப்பந்தம் நமக்குத்தான்!"

அவர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். மாஸ்டர் கண் கலங்கி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உன் நாக்குதான் தங்கச்சி என் வேலையைக் காப்பாத்துச்சு. என் கையில என்ன இருக்கு?"

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க முடியாமல் சிரித்தாள்.

"நான் எங்க மாஸ்டர் ருசி பார்த்தேன்? எனக்கும் வாயெல்லாம் புண்ணு!"