பக்கத்துத் தோட்டத்துப் பாவம்

மணிச் சத்தம்தான் முதலில் வந்தது. கற்சுவருக்கு அந்தப் பக்கம் கிணிங், கிணிங். பின்னாலேயே மந்திர முணுமுணுப்பு.

உதிர்ந்த சொத்தைக் காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்த டிஸ்கித் பல்லைக் கடித்தாள். ஆரம்பித்துவிட்டார்!

பக்கத்துத் தோட்டத்து நவாங், மணியும் ஜெபமாலையுமாகச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அவளுடைய ஆப்பிள் மரங்களில் தொங்கிய பூச்சிப் பொறிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நேத்து எத்தனை உசுரு ஒட்டிக்கிச்சு தங்கச்சி?"

"எண்ணலைண்ணே."

"ஒவ்வொரு உயிரும் ஏதோ ஒரு பிறவியில நமக்கு அம்மாவா இருந்ததுதான். லாமா சொல்லியிருக்கார்ல?"

"பொறிக்குள்ள இருக்கிறது பொம்பளப் பூச்சியோட வாசனைண்ணே. அதுக்கு மயங்கி வர்றது ஆம்பளைங்க மட்டும்தான். அம்மா வராது. வந்தா மாமனார்தான் வருவார்."

"சிரி, சிரி. அடுத்த பிறவியில நீ புழுவாப் பொறக்கிறப்போ தெரியும்."

"உங்க ஆப்பிள்லயே பொறக்கிறேன். நீங்கதான் கொல்ல மாட்டீங்களே!"

வாய்தான் பேசியது. உள்ளே குத்தியது.

போன வருஷம் விளைந்தது பூராவும் புழு. மாடுதான் தின்றது. இந்த வருஷமும் அப்படியென்றால் மரங்களை வெட்டிவிட்டு கட்டைக்கு விற்கும் பாப்லர் மரம் நடப்போவதாகக் கொழுந்தன் சொல்லிவிட்டான். கணவன் போன பிறகு அவளுக்கும் மகளுக்கும் இந்த மரங்கள்தான் சோறு. அதனால்தான் ஊரே தயங்கியபோது அவள் மட்டும் பொறி மாட்டினாள்.

லே நகரச் சந்தைக்கு அனுப்பும் அளவுக்குக் காய் இப்போது தேறிவிட்டது. ஊர்தான் சொத்தையாகிவிட்டது. மடாலயத்துப் பூஜையில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். நவாங்குக்கோ வீட்டுக்கு வீடு வெண்ணெய்த் தேநீர். "அடுத்தவ கொல்ற பூச்சிக்கும் சேர்த்து ஜெபிக்கிறாரே மனுஷன்!"

நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் தோள் கொடுக்க ஊர் வேண்டுமே.

சுவருக்கு அந்தப் பக்கம் நவாங் மறுபடி மணியை ஆட்ட ஆரம்பித்தார். டிஸ்கித் கூடையைக் கீழே வைத்தாள். ஏணியைச் சாய்த்து ஏறி, முதல் பொறியைக் கழற்றினாள்.

மணி சட்டென்று நின்றது.

"ஏய், என்ன பண்றே?"

"எடுத்துடுறேன்ணே. நீங்க சொன்னது உறைச்சிடுச்சு."

நவாங் அங்கியைச் சுருட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்து ஓடி வந்தார்.

"மாட்டு! முதல்ல மாட்டு!"

"பாவம்ணே..."

"பாவத்தை நான் பார்த்துக்கிறேன். அதுக்குத்தானே தினம் தொண்டை கிழியக் கத்துறேன்! நீ பாட்டுக்கு எடுத்துட்டா, என் தோட்டத்துப் பூச்சியெல்லாம் வேற எங்க போய்ச் சாகும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. காது மடல் சிவந்தது.

"அப்போ உங்க மரத்துலயும் ரெண்டு மாட்டித் தரட்டுமா?"

"சேச்சே! எனக்கெதுக்கு அந்தப் பாவம்?"

டிஸ்கித் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மாட்டுறேன். ஆனா சாயங்காலப் பூஜையில, இப்போ சொன்னதை அப்படியே பொம்பளைங்ககிட்டயும் சொல்லணும்."

நவாங் ஜெபமாலையை மூன்று சுற்று உருட்டினார். "சொல்றேன்" என்றார், மரத்திடம் சொல்வதுபோல.

"ஏணியை நல்லாப் பிடிங்க. பயப்படாதீங்க, பாவம் ஏறுறவளுக்குத்தான்."

பொறியை மாட்டி இறங்கியவள், கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்தடியில் காய் பொறுக்கக் குனிந்தாள்.