கலக்காத சரக்கு

மார்ச் நான்காம் தேதி காலை, கிடங்கின் மாடியறைக்கு இரண்டு ஸ்காட்ச் விஸ்கிப் பீப்பாய்களின் மாதிரிகள் ருசி பார்க்க வந்தன. ஒவ்வொரு பீப்பாயையும் வேறெதோடும் கலக்காமல் தனியே புட்டியில் அடைத்து விற்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்து வந்தவன் தன் கையாலேயே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். முதலாளியம்மா அதை மூக்கருகே கொண்டுபோனாள். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ரோஜா வாசனை வருதே.”

“நல்ல மரத்துல ஊறினது. அப்படித்தான் வரும்.”

இரண்டாவதை ஊற்றினான். அதற்கும் அவள் புருவம் ஏறியது.

“இதுலயும் அதே ரோஜா. வேற வேற ஆலை, வேற வேற மரம். ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே வாசனை எப்படி?”

“மூக்கு ஏமாத்துதோ என்னவோ. நாளைக்குப் பார்க்கலாமே.”

“என் மூக்க நம்பித்தான் இந்தக் கம்பெனியே ஓடுது. போய்க் கையக் கழுவிட்டு வந்து ஊத்துங்க.”

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, புதுக் கோப்பைகளில் ஊற்றினான்.

“இப்ப ரோஜா இல்ல. சரக்குல குத்தமில்ல” என்றாள். அவனுக்கு மூச்சு வந்தது.

“நம்ம வீட்டுல யாருமே ரோஜா சென்ட் போடறதில்லையேங்க” என்றாள், இப்போது அவன் மனைவியாக.

இரண்டு பீப்பாய்களையும் அவள் அன்றே வாங்கினாள். வீட்டுச் சாவியையும் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.