மின்னாத அட்டை

"யாரோ இதுல கை வச்சிருக்கா!" ஷ்ரவண் இருட்டில் பல்லைக் கடித்தான். லேசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் கையில் பிடித்த அட்டையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. அட்டையின் நடுவில் அது பட்டால் பச்சையாக ஒரு புள்ளி மின்னும். எட்டு வருஷமாக அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் அவன் பிழைப்பே நடக்கிறது.

பதினோரு மணிக்குத் தேர்வுக் கமிட்டி வருகிறது. எலியின் மூளை நரம்புகளை நுண்நோக்கியில் உயிரோடு காட்டியாக வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் பிறகு தற்காலிக ஆய்வு வேலையாக இது மூன்றாவது போஸ்ட்டாக், முப்பத்தேழு வயது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று, போட்டிக்கு இரண்டு பேர்.

மற்றவள் தாராவியிலிருந்து வரும் சஃப்ரீன். நேற்று அவன் வியர்வையில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலை செய்ததை ஆய்வகத் தலைவரிடம் போட்டுக்கொடுத்தவள். லேசர் வலியே தெரியாமல் கண்ணைச் சுட்டுவிடும் என்று கதவில் எழுதியிருப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவன் எண்ணம்.

காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. செம்பூர் வண்டிக்காகக் குர்லாவில் நின்றபோது ரயில் நேரம் காட்டும் இண்டிகேட்டரில் நடு எண் எரியவில்லை. மணி தெரியாமல் ரயில்வேயை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

மறுபடியும் அட்டையை நீட்டினான். பிறந்ததிலிருந்தே மந்தமான இடது கண்ணை வழக்கம்போல் மூடிக்கொண்டு, வலது கண்ணால் உற்றுப் பார்த்தான். இருட்டு.

"சஃப்ரீன்! இங்க வா!"

கருப்புத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். கையில் ஒளியை அளக்கும் மீட்டர்.

"அதை ஏன் எடுத்துண்டு போனே?"

"எனக்கும் வேல இருக்குல்லா? நேத்தே சொல்லிட்டுத்தான எடுத்தேன்."

"லேசர் போற வழியில இருக்கற மிர்ரரைத் திருப்பி வச்சுட்டு, நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு மீட்டரையும் எடுத்துண்டியா? கார்டுல வெளிச்சமே இல்லே. என் வாழ்க்கை இது, சஃப்ரீன்!"

"நான் ஒண்ணையும் தொடல. அந்தக் கார்டத் தாங்க."

அட்டையை வாங்கி ஒளியின் பாதையில் பிடித்தாள்.

"இப்ப?"

"ஒண்ணுமே இல்லே."

"நல்லாப் பாருங்க. நட்ட நடுவுல."

"அங்கதானே பாத்துண்டிருக்கேன்! இருட்டா இருக்கு. இன்னும் என்ன நாடகம்?"

அவள் அட்டையைச் சட்டென்று கீழே இறக்கினாள். மாட்டிக்கொண்டாள் என்று அவனுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

அவள் மெதுவாகக் கையை நீட்டி லேசரை அணைத்தாள்.

"ஷ்ரவண்... இவ்வளவு நேரமும் கார்டு பச்சையா மின்னிட்டுத்தான் இருந்துச்சு."