காளான் பரிசோதனை

வெண்ணாற்றிலிருந்து தூக்கியபோது சவரிராஜுக்கு உயிர் இருந்தது. மனைவி பாத்திமா மேரியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

“போதைக்காளான் தின்னா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்மா. அதான் உளறியிருக்காரு” என்றார், அவள் சொன்னதைக் கேட்ட இன்ஸ்பெக்டர். மகன் ஜெனித் கொடைக்கானலிலிருந்து வாங்கிவந்த காய்ந்த காளானைத்தான் அவள் அன்று சமைத்திருந்தாள். துபாய் கிளம்ப இருந்தவனைப் போலீஸ் பிடித்துப்போனது. மிச்சக் காளான் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போனது. பிள்ளை ஜெயிலுக்குப் போய்விடுவானோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொழுந்தன் ஜோசப்ராஜ்தான் வீட்டோடு வந்து துணைக்கு இருந்தான். “பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்ல.”

இன்று இன்ஸ்பெக்டர் போன் செய்தார். “ரிசல்ட் வந்துருச்சும்மா. அது சாதாரணக் காளான்தான், போதையே கிடையாது. பையனை விட்டுடுறோம்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. மறுகணமே உறைத்தது. போதை இல்லையென்றால், அவர் உளறவும் இல்லை.

“தம்பிதான் என்னைத் தள்ளிவிட்டான்.” அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

“என்ன அண்ணி, ரிசல்ட் வந்துருச்சா?” ஜோசப்ராஜ் பின்னால் வந்து நின்றான்.

போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“போதைக்காளான்தானாம் தம்பி” என்றாள்.