நாற்பது ஆம்லெட்

"எது கேட்டாலும் செய்வீங்களாமே! ஒரு ஆம்லெட் போடுங்க, பாப்போம்" என்றார் மேஸ்திரி.

தள்ளுவண்டிக்குப் பின்னால் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஊருக்கு வெளியே பாலம் கட்ட நாற்பது ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆறு மாதத்துக்குக் காலைச் சாப்பாடு, கூடவே ஆளுக்கொரு ஆம்லெட். அந்த ஆர்டர் முழுசாகக் கிடைத்தால், மழைக்கு ஒதுங்கத் தேவையில்லாத ஒரு கடையே பிடித்துவிடலாம்.

அவள் கணவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆல்ரவுண்டர்'. சூப், நூடுல்ஸ், மீன் வறுவல், பல் விழுந்தவர்களுக்குக் குழைந்த கஞ்சி என்று எதைக் கேட்டாலும் அந்த இரண்டு அடுப்பில் இறக்கிவிடுவார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் 'வராது' என்று சொல்லி அவள் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்.

"முட்டை மட்டும் நமக்குக் கை வராதுங்க" என்று தலையைச் சொறிந்தார் அவர்.

"அட, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படாம போடுங்க!"

முட்டையை எடுத்தார். ஓங்கி ஒரு தட்டு. பாதி கல்லில் விழுந்தது, பாதி அவர் காலில் விழுந்தது. கல்லில் விழுந்ததும் ஓட்டோடு சேர்ந்து கருகியது.

எதிரே ஒரு குடை, ஒரு அடுப்பு, ஒரு கூடை முட்டையோடு உட்கார்ந்திருந்த முட்டைக்கார அக்கா கைகொட்டிச் சிரித்தாள். "தம்பீ! அது முட்டைடா, தேங்காய் இல்ல! தள்ளு தள்ளு, காலைக் கழுவு முதல்ல!"

பேருந்துக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"சரி விடுங்க. ரொட்டியும் சூப்பும் நீங்க குடுங்க. நாற்பது ஆம்லெட்டையும் அந்த அக்காகிட்டயே சொல்லிடறேன்" என்று மேஸ்திரி தெருவைக் கடந்தார்.

பாதி ஆர்டரோடு கடைக் கனவும் தெருவைக் கடந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். "ஆல்ரவுண்டராம், ஆல்ரவுண்டர்! ஊரே சிரிக்குது. எங்க வீட்டுல அஞ்சு வயசுப் பொண்ணுகூட ஆம்லெட் போடும். கத்துக்கங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"கத்துக்கறேன், கத்துக்கறேன். இப்ப சாப்பிட வா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்!" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். அடுத்து இன்னொரு 'டக்'. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தாள்.

அவர் கைக்கொன்றாய் இரண்டு முட்டைகளை ஒரே நேரத்தில் உடைத்து ஊற்றினார். ஓடு ஒரு துணுக்குக்கூட விழவில்லை. உப்பி வந்ததை அப்படியே மேலே வீசி, கல்லிலேயே ஏந்தினார்.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா! அப்போ காலைல..."

"மெதுவா!" ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "நமக்கு இருபது பண்டம் தெரியும். எதை வித்தும் பொழச்சுக்கலாம். அக்காவுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

தட்டை வாங்கிக்கொண்டாள். கடைசித் துண்டுவரை தின்றாள்.

மறுநாள் காலை, லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த ஓட்டுநர், "அண்ணே, சூடா ஒரு ஆம்லெட்!" என்றார்.

கணவர் வாய் திறப்பதற்குள், எதிர்க் குடைவரை கேட்கும்படி அவள் முந்திக்கொண்டாள்: "ஐயோ, இவர்கிட்டயா? முட்டைய எந்தப் பக்கம் உடைக்கணும்னே இவருக்குத் தெரியாது, நேரா நம்ம அக்காகிட்ட போங்க!"